புக்கிட் தீமா ரிசர்வ்: உச்சிக்கு ஏற வேணாம், நத்தை பாக்க போங்க

சிங்கப்பூர்ல இருக்கற புக்கிட் தீமா மலைக்காட்டை பத்தி ரிவ்யூ எழுதுறவங்க முக்காவாசி பேரு எவ்வளவு நேரத்துல உச்சிக்கு ஏறினோம், மூச்சு வாங்குச்சா, குரங்கு பையை பிடுங்குச்சா, இதத்தான் எழுதுறாங்க. அதுக்கு நிறைய பேர் இருக்காங்க, நான் அதுக்குள்ள போகல. நான் அங்க போறது நத்தை பாக்கறதுக்கு. சிங்கப்பூர்ல இருந்துக்கிட்டு இந்த காட்டை ஒருதடவைகூட மெதுவா நடந்து பாக்காதவங்க இருக்காங்கன்னு நினைச்சாலே எனக்கு மனசு கேக்க மாட்டேங்குது, அதனாலதான் இவ்வளவு நீளமா எழுதுறேன்.

முதல்ல இடத்தை பத்தி கொஞ்சம். மலைன்னு சொல்றோம், உயரம் 163 மீட்டர்தான், ஆனா சிங்கப்பூர்லயே இயற்கையா அமைஞ்ச உயரமான இடம் இதுதான். ரிசர்வோட பரப்பு சுமார் 163 ஹெக்டேர். 1883லயே காப்புக்காடுன்னு அறிவிச்சுட்டாங்க, அதனாலதான் சுத்தி இருந்த காடெல்லாம் தோட்டமாவும் ரோடாவும் வீடாவும் மாறினப்பகூட இந்த ஒரு துண்டு தப்பிச்சுது. அதுக்கும் முன்னாடி, 1854ல ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ்ங்கற இயற்கை ஆய்வாளர் இந்த பக்கம் தங்கி வண்டு சேகரிச்சாரு, இந்த சின்ன ஏரியாலேயே 700 இனத்துக்கு பக்கமா கிடைச்சுதாம். 2011ல ஆசியான் பாரம்பரியப் பூங்கான்னு பேரும் கிடைச்சுது. டவுன்டவுன் லைன்ல பியூட்டி வோர்ல்ட் ஸ்டேஷன்ல இறங்கி நடந்தே வந்துடலாம், காசு ஒண்ணும் வாங்கறதில்ல, காலைல 7 மணிலேருந்து சாயங்காலம் 7 வரைக்கும் திறந்திருக்கும்.

எப்ப போகணும்ங்கறதுதான் முக்கியம். வெயில் காயுற மத்தியானத்துல போய்ட்டு நத்தையே இல்லன்னு சொல்லாதீங்க, அதுங்க இருக்கும், இலைக்கு அடியிலயும் மரப்பட்டை இடுக்குலயும் ஓட்டுக்குள்ள இழுத்துக்கிட்டு கிடக்கும். நத்தையோட ஒடம்புல தண்ணிதான் எல்லாம், நகரணும்னா வழுவழுன்னு அந்த சளியை சுரந்துக்கிட்டே போகணும், காஞ்ச நேரத்துல அப்படி நடந்தா இருக்கற தண்ணி எல்லாம் போயிடும். அதனால மழை பெஞ்சு விட்ட காலை நேரம்தான் சரி. இங்க ஏப்ரல்லேருந்து நவம்பர் வரைக்கும் விடியறதுக்கு முன்னாடி சுமத்ரா பக்கத்துலேருந்து காத்தும் மழையுமா ஒண்ணு அடிச்சுட்டு ரெண்டு மணி நேரத்துல போயிடும்ல, அந்த மாதிரி நாள் காலைல மழை முழுசா நின்னதும் கிளம்புங்க. டிசம்பர், ஜனவரி மழைக்காலமும் நல்லாருக்கும். ஆனா இடி மின்னல் இருக்கும்போது மட்டும் உள்ள போகாதீங்க, பெரிய பெரிய மரம், கிளை விழும்.

விசிட்டர் சென்டர்லேருந்து உச்சிக்கு போற தார் ரோட்டுல எல்லாரும் விறுவிறுன்னு போவாங்க. அவங்கள விட்டுடுங்க. ரோட்டு ஓரத்துல, மழைத்தண்ணி வாய்க்கால் பக்கத்துல, வெட்டி விட்ட புல்லு பக்கத்துல குனிஞ்சு பாத்தா முதல்ல கண்ணுல படறது பெரும்பாலும் அந்த பெரிய ஆப்பிரிக்க நத்தைதான். பழுப்புல கோடு கோடா, கூம்பு மாதிரி நீண்ட ஓடு, உள்ளங்கை நீளத்துக்கு வரும், பெருசா வளர்ந்தா 20 சென்டிமீட்டர்கூட ஆகும்னு சொல்றாங்க. இது இந்த ஊரு பிராணியே இல்ல. கிழக்கு ஆப்பிரிக்காவுலேருந்து மனுஷன் தூக்கிட்டு வந்தது. நம்ம இந்தியாவுக்கு 1847ல பென்சன்னு ஒருத்தர் மொரீஷியஸ்லேருந்து கொண்டுவந்து கல்கத்தாவுல ஒரு தோட்டத்துல விட்டாரு, அங்கேருந்து பரவினதோட பேரன் பேத்திங்கதான் இன்னிக்கு ஊர்ல முருங்கை மரத்தையும் பப்பாளி மரத்தையும் மொட்டையடிக்குதுங்க. ஒரு தடவை முட்டை போட்டா நூத்துக்கணக்குல போடும். ஓடு வளர சுண்ணாம்பு வேணும்ல, அதுக்காக சுவத்துல இருக்கற பூச்சையும் சிமெண்டையும்கூட சுரண்டி தின்னும், ஈரமான நாள்ல வாய்க்கால் சுவத்துல ஒட்டிக்கிட்டு இருக்கறத பாத்திருப்பீங்க.

இதை ஏன் முதல்ல சொல்றேன்னா, இந்த ரிசர்வ்ல நடக்கும்போது நீங்க காட்டோட எந்த பகுதில இருக்கீங்கன்னு நத்தையே சொல்லிடும். ரோட்டு ஓரம், காட்டோட விளிம்பு, வெயில் விழற இடம், அங்க ஆப்பிரிக்க நத்தை. அங்கேருந்து டெய்ரி ஃபார்ம் லூப் பக்கமோ ஜங்கிள் ஃபால் பாத் பக்கமோ உள்ள இறங்கிட்டீங்கன்னா, தலைக்கு மேல செராயா மரமெல்லாம் மூடி, காத்து குளுந்து, கால் அடில இலைச்சருகு கனமா கிடக்கற இடத்துக்கு வந்ததும் அந்த பெரிய நத்தை காணாம போயிடும். அதுக்கு பதிலா சின்னச் சின்னதா, நின்னு தேடினாதான் தெரியற மாதிரி வேற நத்தைங்க வரும். மனுஷன் கை வைக்காத காட்டை ஆப்பிரிக்க நத்தைக்கு அவ்வளவா பிடிக்கறதில்ல, உள்ளூர் நத்தைங்களுக்கு அந்த ஈரமும் இருட்டும் இல்லாம முடியாது. போர்டு பாத்து தெரிஞ்சுக்கறதவிட இப்படி கண்ணால பாத்து தெரிஞ்சுக்கறது எவ்வளவோ மேல், எனக்கு இந்த இடத்துல ரொம்ப பிடிச்ச விஷயமே இதுதான்.

விளிம்புன்னு சொன்னேன்ல, அது சாதாரண விஷயம் இல்ல. 1980கள்ல புக்கிட் தீமா எக்ஸ்பிரஸ்வே (பிகேஇ) போட்டப்ப இந்த காடு பக்கத்துல இருக்கற பெரிய நீர்ப்பிடிப்புக் காட்டுலேருந்து தனியா வெட்டுப்பட்டு போச்சு. வெட்டின பக்கமெல்லாம் வெயிலும் காத்தும் உள்ள வரும், தரை காயும், காஞ்ச தரைல முதல்ல அடிபடறது நத்தை மாதிரி ஈரத்தை நம்பி இருக்கற ஜீவன்தான். ஒரு பறவை ரோட்டுக்கு மேல பறந்து அந்த பக்கம் போயிடும், விரல் நீளம்கூட இல்லாத நத்தை ஆறு லேன் சூடான தார் ரோட்டை எப்படி தாண்டும்? 2013ல அந்த ரோட்டுக்கு மேல ஈகோ-லிங்க்னு 62 மீட்டர் நீளத்துக்கு மண்ணு போட்டு மரம் நட்டு பாலம் கட்டினாங்க, எறும்புத்தின்னி, புனுகுப்பூனை எல்லாம் அதுல போகுது. நல்ல காரியம், மனசார பாராட்டணும். அதே மாதிரி 2014 செப்டம்பர்ல ரிசர்வை மூடி பாதையெல்லாம் சரி பண்ணி, மண்ணு சரியற இடத்தை கட்டி, நிறைய இடத்துல தரைக்கு மேல தூக்கி மரப்பலகை பாதை போட்டு, 2016 அக்டோபர்ல முழுசா திறந்தாங்க. அப்ப நிறைய பேரு கொறை சொன்னாங்க, இவ்வளவு நாளா மூடி வெச்சிருக்காங்களேன்னு. ஆனா நடக்கறவங்க கால் இலைச்சருகுல படாம இருக்கறதால அந்த பாதை ஓரமே இன்னிக்கு நல்ல நத்தை இடம் ஆயிருக்கு, அதுக்கு எத்தனை மாசம் வேணாலும் மூடலாம்னுதான் நான் சொல்வேன்.

இன்னொண்ணு, இந்த மலை கருங்கல் மலை. பக்கத்துலயே ஹிண்ட்ஹீட், டெய்ரி ஃபார்ம், சிங்கப்பூர் குவாரின்னு கல்லு வெட்டின குழியெல்லாம் இருக்கே, எல்லாம் அந்த கிரானைட்தான். மலேசியாவுல சுண்ணாம்புப் பாறை மலை இருக்கற இடத்துல நத்தை கொட்டிக் கிடக்கும், ஒவ்வொரு மலைக்கும் அதுக்குன்னே தனி இனம் இருக்கும். இங்க மண்ணுல சுண்ணாம்புச் சத்து கம்மி, புளிப்பு மண்ணு. அதனால இங்க நத்தை எண்ணிக்கைல கம்மியாதான் இருக்கும், பலதோட ஓடும் மெல்லிசு, வெளிச்சம் பட்டா உள்ள இருக்கற ஒடம்பு நெழலா தெரியும். சிலதுக்கு ஓடு சும்மா பேருக்கு முதுகு மேல ஒரு சின்ன தகடு மாதிரி இருக்கும், உள்ள போய் ஒளிஞ்சுக்க முடியாது. ஓடுள்ள நத்தைக்கும் ஓடில்லாத நத்தைக்கும் நடுவுலன்னு வெச்சுக்கலாம், வாழை இலை ஓரத்துல பாத்திருப்பீங்க. கூட்டமா எதிர்பாத்து போனா ஏமாந்துடுவீங்க. ஒரு காலைல அஞ்சாறு இனம் பாத்தாலே நல்ல நாள்.

எங்க பாக்கணும்னா, முதல்ல கைப்பிடி. பலகைப் பாதை ஓரத்துல இருக்கற கைப்பிடில பச்சையா பாசி படிஞ்சிருக்கும், அதுல கண்ணை கிட்ட கொண்டுபோய் பாருங்க. வளைஞ்சு வளைஞ்சு, இடது வலதுன்னு மாறி மாறி, பாசியை யாரோ அழிச்சுக்கிட்டே போன மாதிரி ஒரு கோடு ஓடும். ராத்திரி நத்தை மேஞ்ச தடம் அது. நத்தை நாக்குல வரிசை வரிசையா ஆயிரக்கணக்குல நுணுக்கமான பல்லு, தலையை இந்த பக்கம் அந்த பக்கம் ஆட்டிக்கிட்டே சுரண்டிக்கிட்டு போகும், ஒவ்வொரு சுரண்டலும் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது, அதுதான் அந்த நெளி. கோடு எந்த பக்கம் புதுசா, பளிச்சுன்னு இருக்கோ அந்த பக்கமா போனா, கைப்பிடிக்கு அடிப்பக்கம் ஒட்டிக்கிட்டு ஆளு தூங்கிக்கிட்டு இருக்கும். நான் அடிக்கடி இப்படிதான் கண்டுபிடிக்கறேன்.

அடுத்தது மரத்தோட அடிப்பாகம், வேர் மண்ணுல இறங்கற இடம், இலை சேர்ந்து கிடக்கும். அங்கதான் மூடி வெச்ச நத்தை இருக்கும். இதை பத்தி கொஞ்சம் விளக்கமா சொல்லியே ஆகணும். நாம சாதாரணமா பாக்கற நத்தைக்கு கண்ணு நீட்டின கொம்போட நுனில இருக்கும், இதுக்கு கொம்பு அடில, முகத்தோட சேர்ந்து. மத்ததெல்லாம் ஆணும் பெண்ணும் ஒரே ஒடம்புல, இதுல ஆண் வேற பெண் வேற. இந்த வம்சம் கடல்லேருந்து தனியா ஒரு வழில தரைக்கு ஏறி வந்தது, மத்த தரை நத்தைக்கு தூரத்து சொந்தம்தான். வால் பக்கத்துல வட்டமா ஒரு தகடு சுமந்துக்கிட்டு போகும், ஆபத்துன்னா உள்ள போய் அந்த தகடால வாசலை பானைக்கு மூடி போட்ட மாதிரி கச்சிதமா மூடிக்கும். நான் ஒண்ணு பாத்தேன், ஓடு ஒரு 3 சென்டிமீட்டர் அகலம், என் நெழல் பட்டதுமே மூடிக்கிச்சு. நான் ஓரமா தள்ளி உக்காந்துக்கிட்டேன், அசையல. ரொம்ப நேரம் கழிச்சு மூடி லேசா ஒரு பக்கம் சாஞ்சுது, இடுக்குல ஈரமா ஏதோ மின்னுச்சு, மறுபடி மூடிக்கிச்சு. திரும்ப திறந்தப்ப மூடியை அப்படியே முதுகு பக்கம் திருப்பிக்கிட்டு பன்னி மூக்கு மாதிரி குட்டை மூஞ்சி ஒண்ணு வெளிய வந்து தரையை தடவி பாத்துச்சு, ரெண்டு கறுப்பு கண்ணு தெளிவா தெரிஞ்சுது. அதுக்கப்புறம்தான் கொம்பு நீண்டுச்சு, நடக்க ஆரம்பிச்சுது. அந்த நேரத்துல எனக்கு பின்னாடி எத்தனையோ பேரு உச்சிக்கு போய் திரும்பி வந்துட்டாங்க.

மர நத்தை கிடைக்கல எனக்கு. ஆம்ஃபிட்ரோமஸ்னு மரத்துமேலயே வாழற நத்தை, மஞ்சளும் பச்சையுமா 5 சென்டிமீட்டர் வரைக்கும் ஓடு, அவ்வளவு அழகு. சிங்கப்பூர்ல இருக்கற வகைக்கு 2011ல தெமாசெக்னு துணை இனமா பேரு வெச்சாங்க, நம்ம தீவோட பழைய பேரு. இந்த குடும்பத்துல ஒரு அதிசயம் இருக்கு. உலகத்துல பெரும்பாலான நத்தையோட ஓடு வலது பக்கமாதான் சுத்தும், இதுல சில இனத்துல ஒரே மரத்துல இருக்கற கூட்டத்துலயே பாதி வலது பாதி இடது. மலேசியாவுல காப்பாஸ் தீவுல இருக்கற இன்னொரு இனத்தை வெச்சு 2007ல ஒரு ஆய்வு வந்துச்சு, தனக்கு எதிர்ப்பக்கம் சுத்தற ஜோடியத்தான் அதுங்க அதிகமா தேர்ந்தெடுக்குதுன்னு. அதை படிச்சதுலேருந்து மரத்தை அண்ணாந்து பாக்காம என்னால நடக்க முடியல, கழுத்து வலிக்குது, ஆனாலும் அடுத்த மழைக்கு திரும்ப போவேன்.

இப்ப ஒரு ஆதங்கம். நான் போன ஒரு சனிக்கிழமை, சின்ன பசங்களோட ஒரு க்ரூப், கூட வழிகாட்டியும் இருந்தாரு. பசங்களுக்கு காட்டறேன்னு ஒரு நத்தையை இலைலேருந்து பிச்சு எடுத்து கை மாத்தி கை மாத்தி குடுத்தாங்க, ஒரு பையன் ஓட்டை அழுத்தி பாத்தான், எனக்கு வயிறு கலங்கிடுச்சு. மெல்லிசு ஓடுன்னு மேல சொன்னேனே, அது உடைஞ்சா அந்த ஜீவன் பிழைக்கறது கஷ்டம். ஓடுங்கறது கழட்டி மாட்டற சட்டை இல்ல, ஒடம்போட சேர்ந்து வளர்றது. அதுபோக கைல கொசு மருந்து, சன்ஸ்கிரீன் எல்லாம் தடவியிருப்போம், அந்த ஈரத் தோலுக்கு அது விஷம். நமக்கும் ஆபத்து இருக்கு, விளையாட்டு இல்ல. ஆப்பிரிக்க நத்தைலயும் அந்த அரை ஓட்டு நத்தைலயும் எலி நுரையீரல் புழுன்னு ஒரு ஒட்டுண்ணி இருக்கலாம், தொட்ட கையை வாய்ல வெச்சா மூளை உறை வரைக்கும் போய் வீக்கம் உண்டாக்கலாம். பெத்தவங்க தயவுசெஞ்சு பசங்கள தொட விடாதீங்க, தொட்டுட்டா சோப்பு போட்டு கழுவ வைங்க. பசங்க கைல ஒரு லென்ஸ் குடுத்து தரைல படுத்து பாக்க சொல்லுங்க, அதுல கிடைக்கற சந்தோஷம் தொடறதுல கிடைக்காது.

வசதி எல்லாம் குறை சொல்ற மாதிரி இல்ல. விசிட்டர் சென்டர்ல டாய்லெட் இருக்கு, தண்ணி பிடிச்சுக்கலாம். கார்ல வர்றவங்க வார கடைசில நேரத்தோட வந்துடுங்க, பார்க்கிங் சின்னது. முட்டி வலி இருக்கறவங்களுக்கு அந்த தார் ரோடு செங்குத்தா இருக்கும், ஆனா நத்தைக்கு மேல ஏற வேண்டியதே இல்ல, ஆரம்பத்துலயே பக்கவாட்டுல திரும்பிடலாம், பக்கத்துல ஹிண்ட்ஹீட் நேச்சர் பார்க் பெரும்பாலும் சமதளம்தான், வயசானவங்கள அங்க கூட்டிட்டு போங்க. பிளாஸ்டிக் பையை கைல தொங்க விட்டுக்கிட்டு நடக்காதீங்க, குரங்கு சாப்பாடுன்னு நினைச்சு வரும். அதுக்கு தீனி போடறது குற்றம், முதல் தடவைக்கே 5,000 வெள்ளி வரைக்கும் அபராதம். வழுக்காத ஷூ, சின்ன டார்ச், லென்ஸ், இவ்வளவு போதும். சத்தமா ஸ்பீக்கர்ல பாட்டு போட்டுக்கிட்டு வர்றவங்கதான் எனக்கு பெரிய எரிச்சல், நத்தைக்கு காது இல்ல, ஆனா அந்த அதிர்வும் நம்ம காலடியும் அதுக்கு நல்லாவே தெரியும்.

வெளிச்சம் விடற நத்தை பத்தி சொல்லாம முடிச்சா பாவம். குவான்டுலா ஸ்ட்ரியாட்டான்னு பழுப்பு நிறத்துல தட்டையா, ரெண்டு சென்டிமீட்டர் சொச்சம் இருக்கற நத்தை, பகல்ல பாத்தா யாரும் ரெண்டாவது தடவை திரும்பிப் பாக்க மாட்டாங்க. இது இருட்டுல பச்சையும் மஞ்சளும் கலந்த வெளிச்சத்தை விட்டு விட்டு அடிக்கும். வாய்க்கு பக்கத்துல, பாதத்தோட முன்பக்கம் அந்த உறுப்பு இருக்கு. 1943ல, ஜப்பான்காரங்க ஆட்சி நடந்தப்ப, யாட்டா ஹனேதாங்கற ஜப்பான் விஞ்ஞானி இது வெளிச்சம் விடறதை சிங்கப்பூர்லதான் கண்டுபிடிச்சாரு. அதுலேருந்து பல வருஷம் உலகத்துலயே வெளிச்சம் விடற தரை நத்தை இது ஒண்ணுதான்னு புத்தகத்துல எழுதிக்கிட்டு இருந்தாங்க, 2023ல தாய்லாந்துல இன்னும் சில இனமும் வெளிச்சம் விடறதை கண்டுபிடிச்சுட்டாங்க. குட்டிங்கதான் நல்லா மின்னும், வயசுக்கு வந்ததும் பலது நிறுத்திடும். ரிசர்வை 7 மணிக்கு மூடிடறதால உள்ள போய் பாக்க முடியாது, ஆனா இந்த நத்தைக்கு பெரிய காடு தேவையும் இல்ல, புல்லும் புதரும் ஈரமும் இருக்கற தோட்டம், பூங்கா எல்லாத்துலயும் இருக்கும். மழை விட்ட ராத்திரில ரெயில் காரிடார் (பழைய ரெயில் பாதைல அமைஞ்ச நடைபாதை) மாதிரி விளக்கு கம்மியான இடத்துல போன் வெளிச்சத்தை அணைச்சுட்டு கால் மணி நேரம் நில்லுங்க, கண்ணு இருட்டுக்கு பழகணும். புல்லு அடில பாருங்க, தலை உயரத்துல இல்ல. பறக்குதுன்னா அது மின்மினி, தரையோட ஒட்டி ஒரே இடத்துல விட்டு விட்டு வந்தா இதுவா இருக்கலாம், உடனே டார்ச் அடிச்சு ஓடு இருக்கான்னு உறுதி பண்ணிக்கோங்க, ஏன்னா மின்மினியோட புழுவும் தரைல ஊர்ந்துக்கிட்டே மின்னும், அதுல சிலது நத்தையத்தான் தின்னும்.

ஸ்டார் குடுக்கணும்னா 5க்கு 5, யோசிக்கவே வேணாம். போனா போட்டோ எடுங்க, ஐநேச்சுரலிஸ்ட்ங்கற, பாத்த உயிரினங்களை பதிவு பண்ற ஆப்ல போடுங்க, ஓட்டை மேலேருந்து ஒண்ணு, வாசல் தெரியற மாதிரி பக்கத்துலேருந்து ஒண்ணு எடுத்தாதான் தெரிஞ்சவங்க பேரு சொல்ல முடியும். உங்களுக்கு அந்த மஞ்சள் மர நத்தை கிடைச்சுதுன்னா மட்டும் இடத்தை மறைச்சு போடுங்க, ஆப்லயே அதுக்கு செட்டிங் இருக்கு. அந்த ஓட்டுக்கு ஆசைப்பட்டு பொறுக்கறவங்க இருக்காங்க, எந்த மரம்னு தெரிஞ்சா போதும் அவங்களுக்கு. காலி ஓடு கீழ கிடந்தாலும் எடுத்துட்டு வராதீங்க, ரிசர்வ்ல எதையும் எடுக்க சட்டமே விடாது, அதோட இந்த சுண்ணாம்பு இல்லாத மண்ணுல அடுத்த நத்தை ஓடு வளர்க்க அதைத்தான் சுரண்டி தின்னணும்.